டேங்க் அழுத்தத்துக்குச் சொந்தக்காரர் யார்?

2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் இந்திய எரிசக்தி வாரத்தைத் தொடங்கிவைத்த பிரதமர், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை அறிமுகம் செய்தார். அன்று 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 84 பங்க்குகளில் மட்டும் கிடைத்த இ-20, இன்று பெரும்பாலான பங்க்குகளில் அதுதான் என்ற நிலைக்கு வந்துவிட்டது. மைலேஜ் குறைகிறதே, பழைய வண்டியின் ரப்பர் குழாய் தாங்குமா என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. டேங்க்கில் புதிதாக எரிபொருள் விழுந்திருக்கிறது என்பது காரின் கணினிக்கு எப்படித் தெரிகிறது? அதைத் தெரிந்துகொள்ளும் வழிக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை கேட்டால் கொடுக்கலாமா?

ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவை மாறினால் இன்ஜினுக்குள் தெளிக்கும் எரிபொருளின் அளவும் மாற வேண்டும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்லும். ஏன் மாறியது என்று சொல்லாது. இன்ஜெக்டர் பழுதா, டேங்க்கில் வேறு பெட்ரோல் விழுந்ததா? சற்றுமுன் எரிபொருள் நிரப்பப்பட்டது என்று தெரிந்தால் கணினி புதுக் கலவைக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும். தெரியாவிட்டால், பழுது என்று எடுத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கை எரியவிடும். பிரேசிலில் 2003 முதல் எந்த விகிதத்தில் எத்தனால் கலந்தாலும் ஓடும் கார்கள் விற்பனையில் உள்ளன. பெங்களூருவை ஒட்டிய பிடதியில் தயாராகும் இன்னோவா ஹைகிராஸின் எத்தனால் மாதிரியை 2023 ஆகஸ்டில் டெல்லியில் காட்டினார்கள். இந்த வகை கார் நம் சாலைகளுக்குப் பெருமளவில் வரும் நாளில், எரிபொருள் நிரப்பியதைக் கண்டறிவது கட்டாயத் தேவையாகிவிடும்.

இன்னொரு தேவையும் இருக்கிறது. டேங்க்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்பதைக் கார் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி, அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்தே நடைமுறையில் உள்ளது. முதலில் ஒரு மில்லிமீட்டர், பிறகு அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகவே டேங்க்கின் மேல்பகுதியில் அழுத்த சென்சார் வைத்தார்கள். சோதனை நடக்கும் நேரத்தில், இன்ஜினை அணைக்காமல் யாராவது மூடியைத் திறந்து பெட்ரோல் போட்டால் அதையும் கசிவு என்றே கணினி நினைத்துக்கொள்ளும். ஆகவே கசிவு வேறு, நிரப்புதல் வேறு என்று பிரித்தறிய வேண்டிய கட்டாயம் அந்தப் பொறியாளர்களுக்கு அன்றே வந்துவிட்டது. தளர்வாக மூடிய டேங்க் மூடியால் எச்சரிக்கை விளக்கு எரிந்த கதை அமெரிக்க மெக்கானிக்குகளுக்குப் பழங்கதை.

டேங்க்குக்குள் என்னதான் நடக்கிறது? மூடியைத் திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த அழுத்தம் வெளியேறி, வெளிக்காற்றின் அளவுக்கு வந்துவிடும். நாசிலை அழுத்தினால் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் வேகத்தில் பெட்ரோல் இறங்கும். இறங்கும் பெட்ரோலின் கன அளவுக்கு ஆவி வெளியேறியாக வேண்டும். நிரப்பும்போதும் ஆவியைப் பிடித்துவைக்கும்படி அமைத்த கார்களில் அது ஒரு குழாய் வழியாகக் கார்பன் கேனிஸ்டருக்குப் போகும். குழாய் குறுகலாக இருப்பதால் டேங்க்கில் அழுத்தம் மெல்ல ஏறி, சமமாக நிற்கும். டேங்க் நிறைந்து நாசில் 'டக்' என்று நின்றதும் சட்டென இறங்கும். ஏற்றம், சமதளம், இறக்கம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அங்கே எரிபொருள் நிரப்பியிருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 101 கிலோ பாஸ்கல். தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் அது 91 அளவில்தான் இருக்கும். சென்னையில் மூடிய டேங்க்கோடு கிளம்பும் ஹைபிரிட் கார் ஒன்று கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏறும்போது, உள்ளே ஒன்றும் மாறாவிட்டாலும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டால் டேங்க்கின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். வேலூர் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தாலும் கூடும். மேடு பள்ளத்தில் பெட்ரோல் அலசும்போது அழுத்தம் மேலும் கீழும் துள்ளும். பங்க்கில் இன்ஜினை அணைத்துவிடுவதால் கணினியே தூங்கிக்கொண்டிருக்கும். வெயில், மலையேற்றம், அலசல் என்ற இந்தக் குழப்பங்களுக்கு நடுவே, உண்மையில் பெட்ரோல் விழுந்த அந்தச் சில நிமிடங்களை மட்டும் தவறில்லாமல் பிரித்தெடுப்பது எளிதல்ல. அதற்கு ஒருவர் புதிதாக ஓர் உபாயம் கண்டால் அது கண்டுபிடிப்பு. அதற்குக் காப்புரிமை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் காப்புரிமை விண்ணப்பங்கள் அப்படி எழுதப்படுவதில்லை. விண்ணப்பத்தின் கடைசியில் 'கோரிக்கைகள்' என்று ஒரு பகுதி வரும். எதன்மீது உரிமை கேட்கிறோம் என்பதைச் சொல்வது அதுதான். முதல் கோரிக்கையை எவ்வளவு அகலமாக எழுத முடியுமோ அவ்வளவு அகலமாக எழுதுவது வழக்கறிஞர்களின் தொழில் வழக்கம். 'டேங்க்கின் அழுத்தத்தை அளத்தல், அது ஒரு வரம்பைத் தாண்டுகிறதா என்று ஒப்பிடுதல், தாண்டினால் எரிபொருள் நிரப்பப்பட்டதாகத் தீர்மானித்தல்' என்கிற பாணியில் முதல் கோரிக்கை அமையும். வெயிலையும் மலையேற்றத்தையும் பிரித்தறியும் அந்த நுட்பம் ஏழாவதிலோ பதினோராவதிலோ போய் ஒளிந்துகொண்டிருக்கும். முதல் கோரிக்கை அப்படியே நிறைவேறிவிட்டால், டேங்க் அழுத்தத்தைப் பார்த்து எரிபொருள் நிரப்பியதை அறியும் எவரும், எந்த நுட்பத்தைக் கையாண்டாலும், அந்த நிறுவனத்திடம் கைகட்டி நிற்க வேண்டும். உழைத்துக் கண்டுபிடித்தது ஒரு துளி. வேலி போட்டு எடுத்துக்கொள்வது இயற்கை விதியின் ஒரு முழுத் துண்டு. என் எதிர்ப்பு இதற்குத்தான்.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. மிர்சாபூரில் பாத்திரங்களைக் கடைந்து மெருகேற்றும் கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு 1951 தேதியிட்டு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. அது உச்ச நீதிமன்றம்வரை போய், 1978 டிசம்பரில் செல்லாது என்று தீர்ப்பானது. பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது இதைத்தான். பட்டறையில் தேர்ந்த கைவினைஞர் இயல்பாகவே செய்யக்கூடிய மேம்பாடு கண்டுபிடிப்பாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது என்பதாலேயே அது செல்லுபடியாகும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 13(4) பிரிவும் அதையே சொல்கிறது.

அமெரிக்காவில் இதற்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. ஓட்டுநரின் உயரத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஆக்சிலரேட்டர் பெடல் ஏற்கெனவே இருந்தது. பெடலில் மின்னணு சென்சார் பொருத்துவதும் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் சேர்த்து, சென்சாரைப் பெடலின் நகராத அச்சில் வைத்ததற்கு டெலிஃப்ளெக்ஸ் நிறுவனம் காப்புரிமை கொண்டாடியது. கேஎஸ்ஆர் நிறுவனம் எதிர்த்தது. 2007 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் கோரிக்கை செல்லாது என்றது. தெரிந்த சென்சாரைத் தெரிந்த இடத்தில், எதிர்பார்த்த பலனுக்காக வைப்பதில் கண்டுபிடிப்பு ஏதுமில்லை என்பதே அதன் பொருள். டேங்க்கில் ஏற்கெனவே இருக்கும் அழுத்த சென்சாரை வைத்து எரிபொருள் நிரப்பியதை அறிவதாகச் சொல்லும் அகலக் கோரிக்கைக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும்.

இதைச் சொல்லும்போது ராபர்ட் கேர்ன்ஸையும் நினைத்துக்கொள்ள வேண்டும். விட்டு விட்டு இயங்கும் மழைத் துடைப்பானை உருவாக்கி 1960-களில் காப்புரிமை பெற்ற தனிமனிதர். உங்கள் மின்சுற்றில் இருப்பதெல்லாம் கடையில் கிடைக்கும் சாதாரணப் பாகங்கள்தானே என்று கார் நிறுவனங்கள் வாதிட்டன. கேர்ன்ஸ் விடவில்லை. 1990-ல் ஃபோர்டு நிறுவனம் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தெரிந்த பாகங்களைப் புதிய விதமாக இணைப்பதும் கண்டுபிடிப்பாகலாம். அதனால், வாகனத் துறையில் காப்புரிமையே வேண்டாம் என்பவர்களோடு நான் இல்லை. கேர்ன்ஸ் கேட்டது தன் சுற்றுக்கு. மழைக்கு அவர் உரிமை கேட்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரு காப்புரிமையின் எல்லை எதுவரை என்ற சண்டை நம் நாட்டில் எப்படி நடக்கும் என்பதற்குப் பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில், ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் நிறுவனத்தின் வழக்கைப் பார்த்தாலே போதும். நான்கு ஸ்ட்ரோக் சிறிய இன்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் முறைக்கு பஜாஜ் நிறுவனம் 2002 ஜூலையில் விண்ணப்பித்து, 2005 ஜூலையில் 195904 என்ற எண்ணில் காப்புரிமை பெற்றது. பல்சர் பைக்கில் டிடிஎஸ்-ஐ என்ற பெயரில் நாடே அறிந்த தொழில்நுட்பம் அது. 2007 ஆகஸ்ட் கடைசியில் டிவிஎஸ், ஃபிளேம் என்ற 125 சிசி பைக்கை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக். எங்கள் உரிமையை மீறிவிட்டார்கள் என்றது பஜாஜ். எங்கள் இன்ஜினில் மூன்று வால்வு, இது ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது, இரட்டை பிளக் என்பதே உலகம் ஏற்கெனவே அறிந்ததுதான் என்றது டிவிஎஸ். காப்புரிமையை ரத்துசெய்யக் கோரி ஒரு மனு, ஆதாரமில்லாத மிரட்டல் என்று டிவிஎஸ் தரப்பில் ஒரு வழக்கு, உரிமை மீறல் என்று பஜாஜ் தரப்பில் இன்னொரு வழக்கு. எல்லாம் சென்னையில்.

2008 பிப்ரவரி 16 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி டிவிஎஸ்ஸுக்கு இடைக்காலத் தடை விதித்தார். புது பைக்கைச் சந்தைக்குக் கொண்டுவரும் நேரம் அது. டிவிஎஸ் ஒற்றை பிளக்கோடு ஃபிளேமை இறக்க வேண்டியதாயிற்று. 2009 மே 18 அன்று இரு நீதிபதிகள் அமர்வு தடையை விலக்கியது. பஜாஜ் உச்ச நீதிமன்றம் போனது. 2009 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்கலாம், ஆனால் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, அசல் வழக்கை அன்றாடம் விசாரித்து நவம்பர் 30-க்குள் முடிக்கும்படி உத்தரவிட்டது. காப்புரிமை, வணிகச்சின்ன வழக்குகளை எல்லா நீதிமன்றங்களும் நான்கு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது.

அந்த நவம்பர் போய்ப் பத்தாவது நவம்பர் வரவிருந்த நிலையில், 2019 அக்டோபரில் இரு நிறுவனங்களும் சமரசமாகப் போய் வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. 2022 ஜூலையில் காப்புரிமையின் இருபது ஆண்டுக் காலமும் முடிந்தது. சிறிய இன்ஜினில் இரண்டு பிளக் என்பது கண்டுபிடிப்பா, பட்டறை மேம்பாடா என்ற அசல் கேள்விக்கு, விசாரணை முடிந்த இறுதித் தீர்ப்பு வரவே இல்லை. இரு தரப்பும் பெரிய நிறுவனங்கள். இத்தனை ஆண்டு வழக்குச் செலவைத் தாங்க அவர்களால் முடிந்தது. பீன்யாவிலோ ஓசூர் சிப்காட்டிலோ லாரிகளுக்கு டீசல் கண்காணிப்புக் கருவி செய்து விற்கும் இருபது பேர் கம்பெனிக்கு இப்படி ஓர் இடைக்காலத் தடை வந்தால், தீர்ப்பு வரும்வரை கம்பெனி இருக்காது. ஒரு வக்கீல் நோட்டீஸே போதும். கையெழுத்துப் போட்டுவிட்டு ராயல்டி கட்டத் தொடங்கிவிடுவார்கள், அல்லது அந்தத் தொழிலையே விட்டுவிடுவார்கள்.

வழங்கிய பிறகு சண்டை போடுவது சிறியவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வழங்குவதற்கு முன்பே தடுக்க வேண்டும். அதற்கான வாசல் நம் சட்டத்தில் இருக்கிறது. 25(1) பிரிவின்படி, விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன், யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வெளியான நாளிலிருந்து ஆறு மாதம் கழியாமல் காப்புரிமை வழங்கக் கூடாது. கேட்டால் நேரிலும் சொல்ல வாய்ப்புத் தருவார்கள். அமெரிக்காவில் 2012 செப்டம்பரிலிருந்து வெளியாள் ஆவணங்களை அனுப்பிவைக்க மட்டும்தான் முடியும். அதோடு அவர் வேலை முடிந்தது. நம்முடைய உரிமை அதைவிடப் பெரியது. அதன் வலிமையை மருந்துத் துறை காட்டியிருக்கிறது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளீவெக் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை, புற்றுநோயாளிகள் அமைப்பும் இந்திய மருந்து நிறுவனங்களும் கொடுத்த எதிர்ப்பை ஏற்று, 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதிசெய்தது.

அதே சென்னை அலுவலகம்தான், கிண்டி ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் அந்தக் கட்டடம்தான், பெங்களூரு விண்ணப்பங்களையும் கையாள்கிறது. மருந்தில் காட்டிய விழிப்பு வாகன மின்னணுவியலில் ஏன் இல்லை? மருந்து விலை ஏறினால் நோயாளிக்கு உடனே தெரியும். காரின் விலைக்குள் புதைந்திருக்கும் ராயல்டி யாருக்கும் தெரிவதில்லை. காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த நிலையில் அரசு என்ன செய்தது? 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தத்தில், முன்பு கட்டணமில்லாமல் கொடுத்த இந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வைத்தது. மனுவை விசாரணைக்கு ஏற்கலாமா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் பார்த்து முடிவு செய்வார் என்றும் ஆக்கியது. போலி மனுக்கள் போட்டு விண்ணப்பங்களை இழுத்தடித்தார்கள் என்பது அரசு தரப்பு வாதம். அப்படி நடந்ததும் உண்மை. ஆனால் போலியை வடிகட்ட வைத்த சல்லடை, மாதச் சம்பளத்தில் ஓடும் ஒரு பொறியாளரையும் ஒரு கல்லூரி ஆசிரியரையும் சேர்த்துத் தடுக்கக் கூடாது. தனிநபர்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் அந்தக் கட்டணத்தை அறவே நீக்க வேண்டும்.

இன்னொரு குறுக்கு வழியைச் சிலர் நம்புகிறார்கள். கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை கிடையாது என்கிறது 3(k) பிரிவு. டேங்க் அழுத்தக் கணக்கும் அல்காரிதம்தானே, தள்ளிவிடலாம் என்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்பப் பலன் தரும் கண்டுபிடிப்பை நிரல் என்பதற்காக மட்டும் ஒதுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஒரு சென்சாரும் வால்வும் எச்சரிக்கை விளக்கும் இதில் இருக்கையில், இது வெறும் கணக்கு என்ற வாதம் நிற்காது. நிற்கவும் கூடாது, நின்றால் நம் பொறியாளர்களின் நல்ல கண்டுபிடிப்புகளும் அதே வாசலில் செத்துவிடும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: விவரம் தெரிந்த ஒரு பொறியாளருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா, இல்லையா?

அந்த விவரம் தெரிந்த பொறியாளர் பெங்களூருவில்தான் இருக்கிறார். 1951-ல் மைக்கோ என்ற பெயரில் தொடங்கி ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்ப்பும் செய்த நிறுவனத்தின் பெயர் இன்று பாஷ்; அந்தக் குழுமம் அதே ஊரில் ஆயிரக்கணக்கானோரை வைத்து வாகன மென்பொருள் எழுதுகிறது. மெர்சிடிஸ் பென்ஸின் ஆராய்ச்சி மையம் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறது. உலகக் கார்களின் இன்ஜின் கணினிக்குள் ஓடும் நிரலில் கணிசமான பங்கு இந்த ஊரில் தட்டச்சாகிறது. எந்தச் சென்சார் எந்த ஆண்டில் வந்தது, எந்தப் பழுதுக்குறி எதனால் எரிகிறது, எந்தச் சர்வீஸ் கையேட்டின் எந்தப் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது என்பது இவர்களுக்குத் தெரிந்த அளவு காப்புரிமை அலுவலகப் பரிசோதகருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு பரிசோதகர் காப்புரிமை ஆவணங்களைத் தேடுவார். 1998-ல் அச்சான மெக்கானிக் கையேட்டைத் தேடி எடுப்பாரா?

நம் பட்டறைகளில் இருக்கும் அறிவோ இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. லாரி டீசல் திருட்டைப் பிடிக்க டேங்க்கின் அடியில் அழுத்தத்தை அளந்து, டீசல் மட்டம் சட்டென ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பது கைப்பழக்கமாக இருக்கலாம். ஆனால் தேதியோடு எழுதி வெளியிடாத வரை அதை முன் சான்றாக நிறுவுவது பெரும்பாடு. இந்தியாவில் பொதுவெளியில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தது என்பதும் எதிர்ப்புக்கு ஏற்ற காரணம் என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. நிரூபிக்கக் காகிதம் வேண்டும்: தேதி போட்ட பில், வரைபடம், புகைப்படம், ஒரு கல்லூரி மலரில் வந்த இரண்டு பக்கக் கட்டுரை.

ஆகவே வாகனத் துறையில் வேலை செய்யும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பித்து 18 மாதம் கழிந்ததும் பெரும்பாலான விண்ணப்பங்கள் வெளியாகின்றன. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வரும் இதழை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் துறையில் வரும் விண்ணப்பத்தின் முதல் கோரிக்கையை மட்டும் படியுங்கள். இது பத்து வருடமாக நாங்கள் செய்வதுதானே என்று தோன்றினால், அதற்கான கையேட்டையும் தேதியையும் தேடி எடுத்து மனுவோடு கொடுங்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தின் ரகசியம் எதையும் இதற்குத் தொட வேண்டியதில்லை. அச்சில் வந்தவையே போதும். பொறியியல் கல்லூரிகள் இறுதியாண்டு மாணவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம். விண்ணப்பம் வெளியாகி ஆறு மாதம் கழிந்தால் எந்த நாளும் காப்புரிமை வழங்கப்பட்டுவிடலாம். அதற்குப் பிறகு எதிர்ப்பதற்கு வக்கீலும் ஆண்டுகளும் வேண்டும்.